தலைத்தோலில் தோன்றும் ஓர் அரிய புற்றுநோய்

புற்றுநோய் என்றவுடன் வாய், மார்பகம், கருப்பை, வயிறு ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. தலைத்தோலிலும் அது தோன்றக்கூடும் என்பதைப் பலர் அறியார். இரத்தக் குழாய்களின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்கள் நெறிதவறிப் பெருகுவதால் உண்டாகும் ஒரு நோய்க்கு ஆஞ்சியோசார்கோமா என்று பெயர். மிக அரிதான இந்நோய், பெரும்பாலும் 60 வயதைக் கடந்தவர்களையே பற்றுகிறது.

இந்நோயுற்றோரில் ஐந்தாண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்வோர் சிறுபான்மையினரே. ஆயினும் எல்லோருடைய நிலையும் ஒன்றன்று. இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் யாவை?

முதலாவது, கட்டியின் அளவு. 5 சென்டிமீட்டருக்கு உட்பட்டிருக்கையில் கண்டுபிடிக்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. ஆனால் தொடக்கத்தில் இது அடிபட்டுக் கன்றிய இடம்போலச் சிவந்தோ நீலம் பாய்ந்தோ காணப்படும். பெரும்பாலும் வலி இராது. முடியும் அதை மறைத்துவிடும்.

இரண்டாவது, நோயை முற்றும் அகற்ற இயலுதல். கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு அப்பாலும் தோலுக்குள் இது பரவியிருக்கும். ஆகவே அறுவைச் சிகிச்சையோடு கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெற்றவர்கள், ஒன்றை மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் பொதுவாக நெடுநாள் வாழ்கின்றனர். அறுவைக்கு இடமில்லாதபோது பாக்ளிடாக்செல் போன்ற மருந்துகள் நோயை ஓரளவு கட்டுப்படுத்துகின்றன.

மூன்றாவது, பரவுதல். நோய் நுரையீரலை அடைந்துவிட்டால் நம்பிக்கை குறைகிறது. நான்காவது, நோயாளியின் வயதும் உடல்வலிமையும்.

வயதை மாற்ற நம்மால் இயலாது. காலத்தை வீணாக்காதிருத்தல் நம் கையில் உள்ளது. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர், “விடுமுறையில் ஊருக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுவதுண்டு. அது வேண்டா. 1941-இல் மும்பையில் தொடங்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையைப் போன்ற நிலையங்கள் நாம் வாழும் பகுதிகளிலும் உள்ளன. மொழி தடையென்றால், அவ்வூர் மொழி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம்.

சாதாரணக் கன்றல் இரண்டு மூன்று வாரங்களில் நிறம் மாறி மறையும். மறையாமல் பரவினாலோ, சீப்பு பட்டவுடன் குருதி கசிந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுக. சிறு துண்டுத் தோலை எடுத்துச் சோதித்தால் உண்மை விளங்கிவிடும். தலையில் தோன்றும் புள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை இந்நோய் அல்ல. ஆதலால் அஞ்ச வேண்டா. வீட்டிலுள்ள முதியோரின் தலையை வாரிவிடும்போது சற்றே கவனித்துப் பாருங்கள், அதுவே போதும்.