வானத்தின் கடைமடை

நீடாமங்கலத்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "விண்மீன் திரள்கள் கோடிக்கணக்கில் என்கிறீர்களே, நாற்றங்காலில் விதை விட்ட மாதிரி சீராகவா இருக்கின்றன?"

இல்லை அம்மா. நம் வயல்வெளியை உயரத்திலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். திரள்கள் குடியிருப்பது வரப்பில். வயல் ஏறக்குறையக் காலி. வரப்புகள் கூடும் முக்கில் ஆயிரக்கணக்கில் நெருக்கியடிக்கின்றன. சுவாதி நட்சத்திரம் தெரியும் பக்கம் 1981-இல் கண்டறிந்த காலி வயலின் குறுக்களவு 30 கோடி ஒளியாண்டுக்கு மேல். நம் பால்வெளியின் அகலமே 1 லட்சம் ஒளியாண்டுதான்.

எனக்குப் பிடித்தது இதன் ஓட்டம். கல்லணையில் பிரியும் தண்ணீர் ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று சிறுத்துக்கொண்டே கடைமடைக்குப் போகிறது. வானத்தில் தலைகீழ். காலி வயலில் கிடக்கும் கொஞ்சநஞ்சமும் வரப்புக்கு வடிகிறது. வரப்பு வழியே (அதையே வாய்க்காலாகவும் வைத்துக்கொள்ளுங்கள்) முக்குக்குப் போய்ச் சேர்கிறது. பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் மேடுபள்ளம் லட்சத்தில் 1 பங்குதான். துளி கூடுதலாக இருந்த இடம் ஈர்ப்பால் பக்கத்தில் இருந்ததையும் இழுத்துக்கொண்டது. 1,380 கோடி ஆண்டுகளில் கடைமடை காய்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் பொருள் மட்டும் இருந்திருந்தால் வரப்பு இவ்வளவு சீக்கிரம் எழும்பியிருக்காது. அதைப்போல் ஐந்து மடங்கு இருண்ட பொருள் வேண்டும் என்கிறது கணக்கு.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் மடையில் தண்ணீர் எட்டிப் பார்க்க ஆடி பிறந்துவிடும். மேலே இருப்பவர் அதற்குள் நடவே முடித்திருப்பார். வானத்தில் நடப்பது இயற்கை. இங்கே தூர் வாராமல் விட்டதற்கு ஈர்ப்பு விசையின் மேல் பழி போட முடியாது.

வானத்துக்கே திரும்புவோம். 2017-இல் புனேயில் உள்ள அயூகா வானியல் மையத்தின் ஜாய்தீப் பாக்சியும் உடன் ஆய்ந்தவர்களும் மீன ராசித் திசையில் திரள்களின் மாபெரும் கொத்து ஒன்றைக் கண்டு 'சரஸ்வதி' என்று பெயரிட்டார்கள். தொலைவு 400 கோடி ஒளியாண்டு. நீளம் 60 கோடி. எடை 200 கோடி கோடி சூரியன்கள். அந்த ஒளி புறப்பட்ட காலத்திலேயே, பிரபஞ்சத்தை விரித்துத் தள்ளும் இருண்ட ஆற்றல் கை ஓங்கத் தொடங்கியிருந்தது. அதையும் மீறி இவ்வளவு எப்படிச் சேர்ந்தது? அண்டவியலாருக்கு இன்னும் குடைச்சல்தான்.

சரஸ்வதிக்காக யாரும் புதிதாகத் தொலைநோக்கி கட்டவில்லை. 'ஸ்லோன்' என்ற அமெரிக்க வான் அளவீட்டின் தரவில் தேடிக் கண்டார்கள். அது இணையத்தில் இலவசம், நீடாமங்கலத்திலிருந்தும் இறக்கலாம். மகள் இயற்பியல் படிப்பதாக எழுதியிருந்தீர்கள். அவளிடம் சொல்லுங்கள்.