ஆட்சிக்கு வேர் அறமே

வேலூர் லாங் பஜாரில் தராசு சற்றே சாய்ந்தாலும் தட்டிக் கேட்கிறோம். வாக்குக்கு விலை பேசப்படும்போது மட்டும் நாம் மௌனம் சாதிப்பதேன்?

1921 டிசம்பரில் இவ்வூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார் இராஜாஜி. நாடெங்கும் விடுதலை வேட்கை பொங்கிய காலம் அது. எனினும், சுதந்திரம் வந்தவுடன் நல்வாழ்வு வந்துவிடாது, தேர்தல் ஊழலும் செல்வத்தின் ஆதிக்கமும் மக்களை வாட்டும் என 1922 ஜனவரியில் தம் சிறைக் குறிப்பேட்டில் எழுதினார். நன்னடத்தையும் தெய்வ பயமும் அன்பும் வளர்க்கும் கல்வி ஒன்றிலேயே அவர் நம்பிக்கை வைத்தார்.

97 ஆண்டுகளுக்குப் பின், 2019 ஏப்ரலில், பெருந்தொகை கைப்பற்றப்பட்டதையடுத்து வேலூர் மக்களவைத் தேர்தல் இரத்துச் செய்யப்பட்டது. ஆகஸ்டில்தான் வாக்குப்பதிவு நடந்தது. சட்டம் தேர்தலை நிறுத்தலாம். மனச்சான்றை வளர்க்க அதனால் இயலாது. அப்பணி நம் இல்லங்களுக்கு உரியது. பணத்துக்குக் கை நீட்டாத பெற்றோரே பிள்ளைகளுக்கு முதற்பாடம்.