சக்கரமும் வில்லும்

மாட்டுவண்டிகளுள் ஒருவகைக்கு 'வில்வண்டி' என்று பெயர். அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிப் பொருத்தியமையால் அப்பெயர் அமைந்தது. கட்டைவண்டியில் செல்வோர் பாதையின் ஒவ்வொரு கல்லையும் தம் முதுகெலும்பில் உணர்வர்; வில்வண்டியில் அவ்வதிர்வின் பெரும்பகுதியைப் பட்டைகள் ஏற்றுக்கொள்ளும். வளைந்து மீளும் தன்மையால் அப்பட்டைகளையும் 'வில்' என்றே தமிழர் வழங்கினர். இன்றைய காரிலும் அதே வில் சுருள் வடிவில் பணியாற்றுகிறது. சஸ்பென்ஷன் எனப்படும் அதிர்வுதாங்கும் அமைப்பின் உறுப்புகள் காலப்போக்கில் தேய்கின்றன. அவற்றுக்கு மாற்றாக எவற்றை வாங்குவது என்பது விலையை மட்டும் சார்ந்த வினா அன்று. பயணம் செய்வோரின் உயிரோடு தொடர்புடைய வினா ஆகும்.

அமைப்பும் பணியும்

ஒரு காரின் ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே சாலையைத் தொடுகிறது. வேகமெடுத்தல், திரும்புதல், நிறுத்துதல் ஆகிய அனைத்தும் அந்நான்கு உள்ளங்கைப் பரப்புகளின் வழியாகவே நிகழ்கின்றன. எனவே, அதிர்வுதாங்கும் அமைப்பு பயணச் சுகத்திற்காக மட்டும் ஏற்பட்டதன்று. டயர் தரையைவிட்டு எழாமல் காப்பதும் அதன் தலையாய பணியாகும்.

இவ்வமைப்பில் மூவகை உறுப்புகள் உள்ளன. முதலாவது, வண்டியின் எடையைத் தாங்கும் சுருள்வில். வில்லின் நீட்சி அதன்மீது செயல்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் விதியை இராபர்ட் ஹூக் 1678இல் விளக்கினார். அமுங்கிய வில் தான் பெற்ற ஆற்றலைத் திருப்பித் தருவதால், தனித்து விடப்பட்டால் வண்டியை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். அவ்வாட்டத்தை நிறுத்துவது இரண்டாவது உறுப்பாகிய அதிர்வடக்கி. இதனையே நாம் ஷாக் அப்சார்பர் என்கிறோம். இதனுள் இருக்கும் உந்துதண்டு, எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளுகிறது. அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. மூன்றாவது, சக்கரத்தை உரிய நிலையில் பிடித்து வைக்கும் கரங்கள், பந்துமூட்டுகள், ரப்பர் புஷ்கள் ஆகியவை.

நம் நாட்டுச் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பு உள்ளது. வில்லையும் அதிர்வடக்கியையும் ஒரே தூணில் இணைக்கும் இதனை, அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சன் 1940களில் வடிவமைத்தார்.

தேய்வை அறிதல்

நோயறியாமல் மருந்து வாங்குவது போன்றதே, பழுதறியாமல் உறுப்பு வாங்குவது. அதிர்வடக்கியின் மேல் எண்ணெய் கசிந்து வழிதல், வேகத்தடையைக் கடந்த பின்னும் வண்டி பலமுறை ஆடுதல், பிரேக் அழுத்தும்போது முன்பக்கம் மிகுதியாகத் தாழ்தல், டயர் திட்டுத்திட்டாகத் தேய்தல் ஆகியன அதிர்வடக்கி தளர்ந்தமைக்கான அறிகுறிகள். வண்டியின் ஒருபக்கம் மட்டும் தாழ்ந்து நின்றால் வில் தளர்ந்ததா, முறிந்ததா எனப் பார்க்க வேண்டும்.

பள்ளங்களில் எழும் 'கடகட' ஒலிக்கு அதிர்வடக்கியே காரணம் என்று பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் லிங்க் ராடு, புஷ், பந்துமூட்டு ஆகியவற்றுள் ஒன்றின் தளர்ச்சியே அவ்வொலியை எழுப்புகிறது. இதனை அறியாதவர் அதிர்வடக்கிகளை மாற்றிப் பெரும்பொருள் செலவிட்ட பின்னும் ஒலி நீங்காமல் வருந்த நேரிடும்.

தேர்வு நெறிகள்

ஒரே பெயரில் விற்பனையாகும் கார்களிலும் உறுப்புகள் வேறுபடும். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பொதுவாக எடை மிகுந்தது. அதனால் அவற்றின் முன்வில்களும் வேறாக இருக்கும். ஆகவே, காரின் பெயரை மட்டும் கூறாமல், பதிவுச் சான்றிதழில் உள்ள 17 இலக்க அடிச்சட்ட எண்ணைக் கொண்டு உரிய உறுப்பின் எண்ணை அறிவது முறையாகும்.

தடித்த கம்பியால் ஆன வில்லே சிறந்தது என்னும் எண்ணம் பிழையானது. சுருள்வில்லின் விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து உயர்கிறது. பிற அளவுகள் மாறாதிருக்க, விட்டம் 10 விழுக்காடு கூடினால் விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு கூடும். அத்தகைய வில்லின் எழுச்சியைப் பழைய அதிர்வடக்கியால் அடக்க இயலாது. கரடுமுரடான சாலையில் டயர் தரையைவிட்டு எழும், பிடிமானம் குறையும். வில்லும் அதிர்வடக்கியும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அமைக்கப்பட்டவை என்பதை மறத்தல் ஆகாது.

ஒரே அச்சின் இருபுறத்து அதிர்வடக்கிகளையும் இணையாகவே மாற்ற வேண்டும். ஒருபுறம் புதியதும் மறுபுறம் தளர்ந்ததும் இருப்பின், திடீரெனத் திரும்பும்போதும் நிறுத்தும்போதும் இருபுறமும் ஒன்றுபோல் இயங்கா.

சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பழைய உறுப்புகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கதவு, விளக்கு போன்றவற்றின் நிலையைக் கண்ணால் கண்டறியலாம். அதிர்வடக்கியின் உள்ளே எண்ணெயும் அடைப்பும் எந்நிலையில் உள்ளன என்பதைப் புறத்தோற்றம் காட்டாது. எனவே, பழைய அதிர்வடக்கியை வாங்குதல் சிக்கனமன்று. புதியதை வாங்கும்போதும் போலியைத் தவிர்க்க, உரிய விற்பனையாளரிடம் பட்டியலுடன் வாங்குவதே நன்று.

தவிர்க்க வேண்டியவை

வேகத்தடையில் அடிப்பகுதி உரசாதிருக்க, வில்லின் சுருள்களுக்கு இடையே ரப்பர் துண்டுகளைச் செருகும் வழக்கம் பரவியுள்ளது. துண்டு செருகிய இடத்தில் சுருள் இயங்காமையால், எஞ்சிய சுருள்கள் மிகுதியான தகைவைத் தாங்க நேரிடுகிறது; நாளடைவில் அவை முறியவும் கூடும். வண்டியைத் தாழ்த்துவதற்காக வில்லை வெட்டுவது அதனினும் தீது. வெட்டிய வில் தன் இருக்கையில் சரியாக அமராது. சக்கரம் முழுவதும் கீழிறங்கும்போது இடம் பெயரவும் கூடும்.

பொருத்தும் முறை

நல்ல உறுப்பும் தவறாகப் பொருத்தினால் விரைவில் கெடும். ஸ்ட்ரட்டில் அமுக்கப்பட்ட வில் மிகுந்த ஆற்றலைத் தன்னுள் கொண்டது. உரிய கருவியும் பயிற்சியும் இன்றி அதனைக் கழற்றுதல் உயிருக்கே கேடாகலாம். அதிர்வடக்கியின் பளபளப்பான தண்டினைக் குறடு கொண்டு பற்றினால் ஏற்படும் கீறல், அடைப்பைக் கிழித்து எண்ணெயைக் கசியச் செய்யும். முறுக்கத்தால் இயங்கும் ரப்பர் புஷ்களின் திருகுகளை, வண்டி தன் எடையுடன் சக்கரங்களில் நிற்கும் நிலையில் இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கப்பட்டே இருந்து கிழியும். பணி முடிந்தபின் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் வீல் அலைன்மென்ட் இன்றியமையாதது.

முன்னுரிமை

எல்லா உறுப்புகளையும் ஒரே நேரத்தில் மாற்ற எல்லாக் குடும்பங்களுக்கும் பொருள்வளம் இருப்பதில்லை. அந்நிலையில் வரிசைப்படுத்தும் அறிவே துணைநிற்கும். தளர்ந்த பந்துமூட்டு கழன்றால் சக்கரம் நிலைகுலையும்; முறிந்த வில் டயரைக் கிழிக்கலாம். ஆதலால் இவையிரண்டும் காலம் தாழ்த்தாமல் மாற்றத்தக்கவை. அவற்றை அடுத்து, டயரின் பிடிமானத்தைக் காக்கும் அதிர்வடக்கிகள் இடம்பெறும். லிங்க் ராடு போன்றவற்றின் சிறு தளர்ச்சி ஒலியை மட்டும் எழுப்புமாயின், தேர்ந்த பணியாளர் சோதித்து உறுதி கூறிய பின் அதனைச் சிலகாலம் ஒத்திவைக்கலாம். காதுக்குப் பெரிதாகக் கேட்பது சிறு குறையாகவும், ஓசையின்றி இருப்பது பெருங்கேடாகவும் இருக்கக்கூடும். ஒவ்வோர் உறுப்பும் எதனைக் காக்கிறது என்பதை அறிந்தவரே, கையிலுள்ள பொருளை முதலில் எதற்குச் செலவிடுவது என்பதைத் தெளிவாகத் தீர்மானிக்க இயலும்.