பழி வானத்துக்கு, பிழை வண்டிக்குள்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கின் பேடக்கில் ஸ்பேனர், டயர் பிரஷர் கேஜ் வரிசையில் இப்போது இன்னொரு சாமானும் சேர்ந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் வெளி ஜிபிஎஸ் ரிசீவர்தான் அது. நொடிக்கு 10 முறையோ 25 முறையோ வண்டியின் இடத்தையும் வேகத்தையும் கணித்து ப்ளூடூத் வழியாகக் கைபேசிக்கு அனுப்பும். கைபேசியிலுள்ள லேப் டைமர் செயலி அதை வைத்து, எந்தத் திருப்பத்தில் அவசரப்பட்டு பிரேக் பிடித்தோம், எங்கே த்ராட்டிலைத் தாமதமாகத் திருகினோம் என்று லேப் லேப்பாகக் கோடு போட்டுக் காட்டும். பெரிய அணிகள் வைத்திருக்கும் டேட்டா லாகரின் விலையை எட்ட முடியாத கிளப் ரேஸர்களும் கல்லூரி அணிகளும் இதை நம்பித்தான் பயிற்சி எடுக்கிறார்கள். அதனாலேயே அது ஏறுமாறாக வேகம் காட்டும்போது ஆத்திரமும் அதிகமாக வருகிறது. சாட்டிலைட் சரியில்லை, மேகமூட்டம், மலிவு சரக்கு என்று ஏதாவது ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்புகள் பெரும்பாலும் தப்பு. ரிசீவர் தரும் தகவல்களிலேயே அதிகம் நம்பத்தக்கது வேகம்தான். அது கோணிக்கொண்டால், கோளாறை முதலில் வண்டிக்குள்ளும் கைபேசிக்குள்ளும்தான் தேட வேண்டும்.

காரணம், வேகம் அளக்கப்படும் விதம். இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை நேரத்தால் வகுத்து ரிசீவர் வேகம் சொல்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். நல்ல ரிசீவர் அப்படிச் செய்வதில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில், நொடிக்கு ஏறக்குறைய 3.9 கி.மீ. வேகத்தில் ஓடியபடி 1575.42 மெகாஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்புகின்றன. வண்டி நகர்ந்தால் டாப்ளர் விளைவால் அந்த அலைவெண் இம்மியளவு மாறும். செயற்கைக்கோளை நோக்கி நேராக 100 கி.மீ. வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டால் அந்த மாற்றம் சுமார் 146 ஹெர்ட்ஸ். பல செயற்கைக்கோள்களிலிருந்து வரும் இந்த மாற்றங்களைச் சேர்த்துத்தான் ரிசீவர் வேகத்தைக் கணிக்கிறது. அதனால் திறந்த வெளியில் இடம் இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் காட்டினாலும், சீராக ஓடும் வண்டியின் வேகத்தில் பிழை மணிக்கு ஒரு கிலோமீட்டரைத் தாண்டுவது அபூர்வம்.

சில செயலிகளின் அமைப்பு, ரிசீவர் அனுப்பிய இந்த வேகத்தை ஒதுக்கிவிட்டு, புள்ளிகளை வைத்துத் தானே கணக்குப் போடும்படி இருக்கும். வம்பு அங்கேதான் ஆரம்பம். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையில் அரை மீட்டர் பிழை நுழைகிறது என்று வையுங்கள். நொடிக்கு ஒரு புள்ளி என்றால் அது மணிக்கு 1.8 கி.மீ. தவறு, நொடிக்கு 10 புள்ளி என்றால் அதே அரை மீட்டர் 18 கி.மீ. தவறாக வீங்கிவிடும். அதிக ஹெர்ட்ஸ் ரிசீவருக்கு மாறிய பிறகு வேகக் கோடு ரம்பப் பல்லாகக் குதிக்கிறதென்றால், புதுப் பெட்டியைத் திட்டுவதற்கு முன் செயலி எந்த வேகத்தை எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது நல்லது.

இருக்கட்டும், எதனோடு ஒப்பிட்டு 'தப்பு' என்கிறோம்? பெரும்பாலும் ஸ்பீடோமீட்டரோடு. அந்த மீட்டர் முழு உண்மை சொல்லும்படி செய்யப்பட்டதே அல்ல. கார்களின் ஸ்பீடோமீட்டர் பற்றிய ஐ.நா. ஒழுங்குமுறை 39-இன்படி, மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. ஆனால் 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் கூட்டிக் காட்டலாம். உண்மையில் 100-இல் போகும் காரில் முள் 114-ஐத் தொட்டாலும் அது விதிமீறல் இல்லை. டயர் தேய்ந்து சுற்றளவு குறையும்போது மீட்டர் இன்னும் கொஞ்சம் கூட்டும். எனவே மீட்டர் 110, ஜிபிஎஸ் 103 என்றால் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியது மீட்டர்.

நம்பகமான அளவுகோல் வேண்டுமென்றால் அது டிராக்கிலேயே படுத்திருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இந்த ஓடுதளத்தில் முழுச் சுற்றின் நீளம் 3.717 கி.மீ. தரைக்குள் பதித்த கம்பியும் வண்டியில் மாட்டிய டிரான்ஸ்பாண்டரும் தரும் லேப் நேரம் ஜிபிஎஸ்ஸைச் சாராதது. ஒரு லேப் சரியாக 2 நிமிடம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 111.5 கி.மீ. அதே லேப்புக்கான பதிவில் உள்ள வேகங்களை எல்லாம் கூட்டிச் சராசரி எடுங்கள். வளைவுகளில் உள்பக்கம் ஒட்டி ஓட்டுவதால் ஓரிரு சதவீதம் முன்பின் ஆகலாம். 128 என்று வந்தால்தான் பிரச்சினை, அதுவும் 15 சதவீதப் பிரச்சினை.

இந்த 15 சதவீதம் எங்கிருந்து வந்திருக்கும்? அலகுக் குழப்பம்தான் முதல் ஆள். ரிசீவர்கள் அனுப்பும் ஆர்எம்சி என்ற வரியைப் பிரித்துப் பார்த்தால் முதலில் நேரம், அடுத்து 'ஏ' அல்லது 'வி' என்ற ஓர் எழுத்து, பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை, அதன் பின் 64.8 என்பது போல ஓர் எண் வரும். அந்த எண்தான் வேகம், ஆனால் நாட்டில் எழுதப்பட்டது, கப்பல்காரர்கள் கணக்கு. 1.852-ஆல் பெருக்கினால் மணிக்கு 120 கி.மீ. நாட்டை மைல் என்று எடுத்துக்கொண்டு கிலோமீட்டராக்கும் செயலி 104 என்று காட்டும்; மைலை நாட் என்று எடுத்துக்கொண்டால் அதே விகிதத்தில் மேலே போகும், நாம் பார்த்த 15 சதவீதம் வந்துவிடும். பிழை எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். அந்த ஓர் எழுத்தும் முக்கியம். 'ஏ' என்றால் கணிப்பு செல்லும், 'வி' என்றால் செல்லாது. செல்லாத வரிகளையும் சேர்த்துக் கோடு போடும் செயலியில் திடீரென்று ஒற்றைப் புள்ளி மட்டும் உச்சிக்குப் போய் இறங்கும்.

சராசரி சரியாக இருந்துவிட்டால் எல்லாம் சரி என்று ஆகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. தாமதத்தை இந்தச் சோதனை பிடிக்காது, ஏனென்றால் ஒரு சுற்று முழுக்க எல்லா வேகமும் சேர்ந்தே பின்தங்கினால் கூட்டுத்தொகை மாறுவதில்லை. ரேஸரை அதிகம் ஏமாற்றும் கோளாறும் இதுதான். ஒரு 'ஜி' அளவுக்கு பிரேக் பிடிக்கும் வண்டி நொடிக்குச் சுமார் 35 கி.மீ. வேகத்தை இழக்கிறது. பதிவு 0.2 நொடி பின்தங்கினால், பிரேக்கிங் நேரம் முழுவதும் 7 கி.மீ. கூடுதலாகவே காட்டும். நேர்ச்சாலையின் முடிவில் எட்டிய உச்ச வேகமும் தாமதமாகவே பதிவாகும். தாமதத்துக்குக் காரணங்கள் பல. ரிசீவர் இணைந்திருப்பதாகப் பச்சை விளக்கு எரிய, செயலி உண்மையில் கைபேசியின் சொந்த ஜிபிஎஸ்ஸையே கேட்டுக்கொண்டிருக்கும் கதை சகஜம். ஆண்ட்ராய்டில் வெளி ரிசீவரைப் பயன்படுத்தத் தனி அனுமதி கொடுக்க வேண்டிய செயலிகளில் இது நடக்கும். பதிவைத் திறந்து அடுத்தடுத்த வரிகளின் நேரத்தைப் பாருங்கள். இடைவெளி முழு ஒரு நொடி என்றால் அது கைபேசியின் வேலை. 150 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி 41 மீட்டருக்கு மேல் போய்விடும். பிரேக் பிடித்த இடத்தை அந்தப் பதிவில் தேடுவது வீண்.

காட்டாங்குளத்தூர் தொடங்கி கேளம்பாக்கம் சாலை வரை பொறியியல் கல்லூரிகள் நிறைந்த வட்டாரம் நம்முடையது. ரிசீவர் சிப்பை வாங்கித் தாங்களே பலகையில் பற்றவைக்கும் மாணவர் அணிகளுக்கு இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. பல சிப்புகள் 9600 பாட் வேகத்தில்தான் பேசத் தொடங்கும். அதாவது நொடிக்கு 960 எழுத்துகள். ஒரு கணிப்புக்கு முன்பு பார்த்த ஆர்எம்சி வரியும் ஜிஜிஏ என்ற இன்னொரு வரியும் சேர்ந்து சுமார் 145 எழுத்துகள். 10 ஹெர்ட்ஸில் 1,450. குழாயில் இடமில்லை, வரிகள் விழும் அல்லது வரிசையில் நிற்கும். 115200-க்கு மாற்றிவிட்டு, தேவையில்லாத வரிகளை நிறுத்திவிட்டால் தீர்ந்தது. அத்தோடு சிப்புக்குள் வண்டி எப்படி நகரும் என்ற அனுமானமும் ஓர் அமைப்பாக இருக்கிறது. நடப்பவருக்கு ஏற்ற அமைப்பில் விட்டால் மென்மையாக்கும் வடிகட்டி காரின் வேக மாற்றத்தை நம்ப மறுக்கும். நின்றால் வேகத்தைப் பூஜ்யமாக்கும் வசதியை அதிகம் வைத்துவிட்டால், ஸ்டார்ட்டில் வண்டி கிளம்பியும் பதிவில் வேகம் பூஜ்யத்திலேயே தூங்கும்.

பொருத்தும் இடம் இவ்வளவு சிக்கலானதில்லை, ஆனால் அடிக்கடி தப்பாகிறது. காருக்கு மேற்கூரையின் நடு உலோகத் தகடு ஏற்றது. கார்பன் ஃபைபர் பாகத்துக்கு அடியில் வைத்தால் சமிக்ஞை செத்துப்போகும். மலிவான கார் சார்ஜர், டேஷ்கேம் இவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது. அவற்றின் மின் இரைச்சல் பலவீனமான ஜிபிஎஸ் சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். பைக்கில்தான் நிஜமான சிரமம். வால் பகுதியில் ஒட்டிய ஆன்டெனா, திருப்பத்தில் பைக்கோடு சேர்ந்து சாய்ந்து பாதி வானத்தை இழக்கிறது. மிச்சத்தில் ஒரு பங்கை ஓட்டுபவரின் முதுகு மறைக்கிறது. வலது திருப்பங்களில் மட்டுமோ இடது திருப்பங்களில் மட்டுமோ வேகம் உடைந்து வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒற்றை சிலிண்டர் என்ஜினின் அதிர்வும் ரிசீவருக்குள் உள்ள படிக அலையியற்றியைத் தொந்தரவு செய்யும், அதைத் தணிக்க அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் போதும்.

இனி வானம். அமெரிக்கா வேண்டுமென்றே சிவில் ஜிபிஎஸ்ஸைக் கெடுக்கிறது என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கெடுப்பு 2000 மே மாதத் தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. மேகம், மழை இரண்டும் இந்த அலைக்குப் பெரிய தடையில்லை. இவற்றைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போவதால் தமிழகத்துக்கு மேலுள்ள அயனிமண்டலம் சூரியன் மறைந்த பிறகு கொந்தளிக்கும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் அதிகம். சூரியன் உச்சச் செயல்பாட்டுக் கட்டத்தை எட்டிவிட்டதாக நாசா 2024 அக்டோபரில் அறிவித்தது, அத்தகைய கட்டத்தில் கொந்தளிப்பு இன்னும் வலுக்கும். உண்மைதான். ஆனால் இந்தக் கொந்தளிப்பு இருட்டிய பின் சில மணி நேரத்துக்கு, செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையை வெட்டுவதாகவே தெரியும். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்ததைப் போன்ற இரவு ரேஸில், பக்கத்துக் கட்டடங்களின் எதிரொலியும் சேரும் சூழலில், வானத்தைச் சந்தேகிப்பது நியாயம். காலை பதினொன்றுக்கு இருங்காட்டுக்கோட்டையில் திறந்த வெளியில் வரும் பிழைக்கு அந்தச் சாக்கு செல்லாது. விமானங்களுக்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ககன் அமைப்பு இடத்தைத் திருத்தும். நாட் குழப்பத்தையும் ப்ளூடூத் தாமதத்தையும் அது திருத்தாது.

சக்கர சென்சார் வைத்துக்கொண்டால் ஜிபிஎஸ்ஸே தேவையில்லையே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சக்கரம் பிரேக்கில் பூட்டிக்கொண்டால் சென்சார் பூஜ்யம் சொல்லும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். இரண்டும் இருந்தால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம், அதற்காக மட்டும் வாங்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரிசீவரைச் சோதிக்கவும் உச்ச வேகம் பார்க்கவும் கோவளம், மாமல்லபுரம் பக்கம் ஈசிஆர் எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கை விரட்டும் பழக்கம் நம் வட்டாரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், வானம் நன்றாகத் திறந்திருக்கும், ரீடிங் அழகாக வரும் என்பது காரணமாகச் சொல்லப்படலாம். ரிசீவரின் வேகத்தைச் சரிபார்க்க 60 கி.மீ.யில் சீராக ஓட்டினாலே போதும். நாட் குழப்பமும் சரி, ஒரு நொடி இடைவெளியும் சரி, அந்த வேகத்திலேயே பதிவில் தெரிந்துவிடும். அதற்கு மேல் வேண்டியவர்கள் காசு கட்டி டிராக்குக்குப் போங்கள். ஈசிஆரில் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள்.