உங்களுக்குத் தெரியுமா? எதுகைக்கும் தாலாட்டு உண்டு!

மகாராஜபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எதுகை, மோனை சொல்லித்தர வெகுதூரம் போக வேண்டாம். வீட்டுத் தாலாட்டே போதும்.

அருகே ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார் அந்தத் தாலாட்டைத்தான் கையில் எடுத்தார். நாட்டுப்புறத் தாலாட்டில் மாமனும் அத்தையும் சீர் கொண்டுவருவார்கள். அவர் பாசுரத்திலோ கண்ணனுக்குப் பிரமன் பொன் தொட்டில் அனுப்புகிறான், இந்திரன் கிண்கிணி தருகிறான். சீர்வரிசை அப்படியே இருக்க, தருபவர்கள் மட்டும் தேவர்களாகிவிட்டார்கள். எவ்வளவு அழகான மாற்றம்!

சிறுமியரின் உந்திபறத்தல் விளையாட்டையும் அவர் விடவில்லை: ஒரு பாட்டு கண்ணனுக்கு, அடுத்தது இராமனுக்கு.

நாட்டார் பாடலாக அறிஞர்கள் கருதும் பண்ணத்திக்குத் தொல்காப்பியச் செய்யுளியலிலேயே இடமுண்டு. எனவே வகுப்பில் முதலில் பாட்டியின் தாலாட்டு ஒலிக்கட்டும். அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் இடங்களில் பிள்ளைகள் கைதட்டினால், எதுகை காதிலேயே பதிந்துவிடும். பிறகு பாசுரத்தைத் திறக்கலாம்.