பொதுக் கணக்கும் தனி வாழ்வும்

கோயிலுக்கு நிலம் விட்டவர் யார், அந்நிலத்தின் எல்லை யாது, விளக்கெரிக்க ஈந்த பொருள் எவ்வளவு என்பனவற்றைக் கல்லில் வெட்டிப் பலரும் காண வைத்தல் பழந்தமிழர் வழக்கு. தென்காசியில் பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலிலும் கல்வெட்டுகள் உள. எனினும், கோயிலுள் நுழையவே உரிமையற்றிருந்தோர்க்குக் கல்லில் வெட்டிய எழுத்தும் எட்டாததாகவே இருந்தது.

இன்று கல்லின் இடத்தை அலுவலகப் பதிவேடு பெற்றுளது. அதனைக் குடிமக்கள் அறிய வழிசெய்யும் சட்டத்தை இந்திய மாநிலங்களுள் முதலாவதாக 1997ஆம் ஆண்டில் இயற்றியது தமிழ்நாடே. ஆயினும் அதில் விலக்குகள் மலிந்திருந்தன. 2005ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதனினும் விரிவானது.

தென்மேற்குக் காற்று வீசும் சாரற் காலத்தில் குற்றாலத்துப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட மக்கள் திரள்வர். அங்கே பெண்கள் உடைமாற்றும் அறையொன்று பழுதுற்றுக் கிடப்பதாகக் கொள்வோம். அதனைச் செப்பனிட ஒதுக்கிய பணம் என்னாயிற்று என அறிய விரும்புவோர், பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலர்க்கு விண்ணப்பம் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினாற் போதும். காரணம் கூற வேண்டுவதில்லை. 30 நாட்களுக்குள் விடை வரல் வேண்டும்.

ஆனால், பதிவேட்டில் எழுதியன யாவும் பொதுவல்ல. தென்காசி அரசு மருத்துவமனை எவ்வளவு மருந்தினை என்ன விலைக்கு வாங்கிற்று என்பது ஊரார் அறிதற்குரியது. அம்மருந்தை உண்டவர் யார் என்பது அத்தகையதன்று. பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண் காசநோய்க்கு மருந்துண்ணும் செய்தி வெளியாகுமாயின், நோய் சில திங்களில் தீரலாம். ஊரார் பேச்சுத் தீருமோ? தனிமையுரிமையும் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். இவ்விடத்துச் சிக்கல் பெரிதன்று. பெயரை மறைத்து எஞ்சியதைத் தரத் தகவல் சட்டத்தின் 10ஆம் பிரிவு வழிசெய்கின்றது.

பெயரை மறைக்கலாகாத இடமும் உண்டு. வீடு கட்ட அரசு அளித்த உதவித்தொகையைப் பெற்றோர் பட்டியலை நோக்குக. இறந்தார் ஒருவர் பெயரில் பணம் எடுக்கப்பட்டிருப்பின், பெயரைக் கண்டாலன்றி அக்களவு வெளிப்படுமோ? மானியம் பெறுவோர் விவரத்தை எவரும் கேளாமலே வெளியிடுமாறு 4ஆம் பிரிவு பணிக்கின்றது.

பொது நடவடிக்கையோடு தொடர்பற்ற, அல்லது ஒருவரது தனிமையில் தகாது நுழைகின்ற தகவலையே மறுக்கலாம் என 8ஆம் பிரிவு முன்னர் வரையறுத்திருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வரையறையை நீக்கிற்று. அம்மாற்றம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது, தனிநபர் தகவல் என்ற அளவிலேயே மறுக்க இடமுண்டு. எளியோரைக் காக்கும் இத்திரை, கணக்குக் காட்ட அஞ்சுவோர்க்கும் பயன்படும் என்பது வெளிப்படை. எனினும், விளையும் தீங்கினும் பொதுநலன் மிகுமாயின் தகவலைத் தரலாம் என்னும் விதி அப்பிரிவிலேயே இன்றும் உளது. மறுப்பின் காரணத்தை அலுவலர் எழுத்தில் தரல் வேண்டும். அதனை ஏலாதவர் மேலலுவலரிடமும், பின்னர் மாநிலத் தகவல் ஆணையத்திடமும் முறையிடலாம். அங்கு, மறுத்தது முறையே என மெய்ப்பிக்கும் பொறுப்பு அலுவலரைச் சார்ந்தது, கேட்டவரைச் சார்ந்ததன்று.