பட்டியல் தொலைந்த நூல்நிலையம்

நூல்நிலையங்கள் தீக்கிரையான கதைகளை நாம் வரலாற்றிற் பலமுறை படித்திருக்கின்றோம். ஆனால் ஒரு நூலேனும் எரியாமல், ஓர் ஏடேனும் கிழியாமல், ஒரு பெரும் நூல்நிலையம் ஊமையாகி நின்ற விந்தையை 2023ஆம் ஆண்டிலே கண்டோம். இலண்டன் மாநகரிலுள்ள பிரித்தானிய நூல்நிலையத்துக்கு நேர்ந்த கதி அது.

அந்நிலையத்தின் பெருமையை முதலில் அறிந்துகொள்வோம். 1753இல் நிறுவப்பெற்ற பிரித்தானிய நூதனசாலையின் ஒரு பிரிவாக வளர்ந்து, 1973இல் அது தனி நிறுவனமாயிற்று. நூல், கையெழுத்துப் பிரதி, பத்திரிகை, தேசப்படம், ஒலிப்பதிவு என 17 கோடிக்கு மேற்பட்ட பொருள்கள் அங்கே உள்ளன. அந்நாட்டில் வெளியாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அங்கே சேர்தல் வேண்டுமென்பது சட்டம். தலைநகரில் இடம் போதாமையால், யோக்ஷயரிலுள்ள பொஸ்டன் ஸ்பா என்னும் ஊரிலும் பெரிய களஞ்சியங்கள் அமைத்திருக்கின்றனர்.

2023 ஒக்டோபர் 28ஆம் நாள் இந்நிலையத்தின் கணினிகள் முடங்கின. ரைசிடா என்னும் இணையக் கொள்ளைக் கூட்டத்தார் உட்புகுந்து, ஏறக்குறைய 600 ஜிகாபைற் அளவான தகவல்களைக் களவாடி, சேவைக் கணினிகள் பலவற்றையும் பாழாக்கினர். 20 பிற்கொயின், அதாவது அந்நாளில் ஏறத்தாழ 6 இலட்சம் பவுண், தந்தாலன்றி அவற்றை மீட்க இயலாது என்றனர். நிலையத்தார் பணம் கொடுக்க மறுத்தனர். ஊழியர் முதலானோரின் சொந்த விவரங்கள் இணையத்தில் வீசப்பட்டன.

நூல்கள் யாவும் இறாக்கைகளில் இருந்தபடியே இருந்தன. ஆனால் எந்த நூல் எந்த இறாக்கையில் இருக்கின்றதென்று சொல்லும் பட்டியல் கணினிக்குள்ளே கிடந்தது. நூலைக் கேட்பதும் எடுத்துவருவதும் கணினியையே நம்பியிருந்தன. 17 கோடிப் பொருள்களின் நடுவே ஒரு நூலை எப்படித் தேடுவது? ஆராய்ச்சி மாணவர் பலர் தம் வேலையை இடைநடுவில் நிறுத்தி வாடினர். 2024 சனவரி 15ஆம் நாளன்றே முதன்மைப் பட்டியலைத் தேடிப்பார்க்கும் வசதி ஓரளவு திரும்பியது. ஏனைய சேவைகள் சீராக மேலும் நெடுங்காலம் சென்றது.

பட்டியலின் அருமையை அங்குள்ள முன்னோர் நன்கறிந்திருந்தனர். இத்தாலியிலிருந்து அகதியாய் வந்த அந்தோனியோ பனிஸ்ஸி, நூற்பட்டியல் அமைப்பதற்கு 91 விதிகளை வகுத்து 1841இல் வெளியிட்டார். நமக்கும் இதிலே ஓர் உறவுண்டு. நூதனசாலை நூல்நிலையத்திலிருந்த தமிழ் நூல்களின் பட்டியல் 1909இல் அச்சேறியது. அதனைத் தொகுத்தவர்கள் எல். டி. பார்னெற் என்பவரும், திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் ஐயருமாவர். அச்சேறிய அப்பட்டியலின் பிரதிகள் பல ஊர்களிலும் இருப்பதனால், எந்தக் கொள்ளையரும் அதனை ஒருங்கே அழித்தல் இயலாது.

நடந்ததை மறைக்காமல், 2024 மார்ச்சு மாதத்தில் நிலையத்தார் தாமே ஓர் அறிக்கை வெளியிட்டனர். வெளியார் நுழைவதற்கென வைத்த ஒரு வழியில், கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது பூட்டு இல்லாதிருந்ததையும், பழைமைப்பட்ட கணினி அமைப்புகள் மீட்சியைத் தாமதப்படுத்தியதையும் அதில் எடுத்துரைத்தனர். பிற நூல்நிலையங்கள் விழித்துக்கொள்ளட்டும் என்பதே அவர்தம் நோக்கம். தன் காயத்தைப் பிறருக்குப் பாடமாக்குதல் பெருந்தன்மையன்றோ!

மாணவச் செல்வங்களே, பாடக்குறிப்பாயினும் குடும்பப் புகைப்படமாயினும், ஒன்றை ஓரிடத்தில் மட்டும் வைத்தல் ஆகாது. மற்றொரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள். வீட்டிலுள்ள நூல்களின் பெயர்களை ஒரு கொப்பியிலே எழுதத் தொடங்குங்கள். அரைநாள் வேலைதான். எங்கே இருக்கின்றதென்று தெரியாத நூல், இல்லாத நூலுக்கே சமமாகும்.